ஜோக் அடிக்கக் கூடாத இடம்

ஜூலை 7, திங்கள்

மனநல வார்டில் இன்று மீன் குழம்பு. மீனைத்தான் காணோம்.

வெள்ளிக்கிழமை வாரியத்தின் முன் நான் உட்கார வேண்டும். வீட்டுக்கு அனுப்பலாமா, இன்னும் இங்கேயே வைத்திருப்பதா என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நர்ஸ் மிஸ்ஸி சலேஹா பொறுமையாக விளக்கினார். மூன்று பேர் இருப்பார்கள். கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் கிடையாது. ஏன் இங்கே வந்தாய், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவாயா, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பார்கள். மனைவியும் பேசலாம். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் ஏற்பாடு செய்வார்களாம்.

ஜூலை 8

என் மனைவி லோகேஸ்வரி வந்தாள். என்னை இங்கே சேர்க்கக் கையெழுத்துப் போட்ட அதே கையால் மீ கோரெங் நூடுல்ஸ் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எப்படிக் கோபப்படுவது? போன மாதம் ஒரு வாரம் தூங்காமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஐஸ்பெட்டியை இன்னும் நன்றாக ஓடவைக்கிறேன் என்று கழற்றிப் போட்டவன் நான். மாக் மண்டின் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவன் அல்லவா, கழற்றுவது மட்டும் சுலபமாக வந்தது.

"அங்க போயி ஜோக் அடிக்காதீங்க லா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. சரியா?"

சரி.

ஜூலை 10

பயமா இருக்கு. விட மாட்டோம்னு சொல்லிட்டா?

ஜூலை 11, வெள்ளி

கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆமாம். இல்லை. சாப்பிடுவேன். வாரியத் தலைவர் டாக்டர் ஃபாத்தின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு லோகேஸ்வரியிடம் கேட்டார்: யுகேந்திரன் எப்போதுமே இப்படித்தானா? இன்னும் தெளியவில்லை போலிருக்கிறதே?

போச்சு, எல்லாம் போச்சு —

"இல்ல டாக்டர், நான்தான் ஜோக் அடிக்காதீங்கன்னு சொன்னேன். இவரு எப்பவும் ஜோக்தான். நோவு வந்தப்ப நிறுத்தாம அடிச்சிக்கிட்டே போனாரு, நான் அழுததுகூட தெரியல. இப்ப ஒண்ணு சொல்லிட்டு, நான் சிரிக்கிறேனான்னு பாக்குறாரு. எனக்கு அது போதும்."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளா இதையெல்லாமா இவ கவனிச்சுக்கிட்டு இருந்தா?

நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார் டாக்டர்.

"ஐஸ்பெட்டி பக்கமே போக மாட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஜெலுத்தோங். எங்கள் வீடு. காலை மாத்திரை போட்டாயிற்று. லோகேஸ்வரி பசாரிலிருந்து மீன் வாங்கி வந்தாள்.

"வார்டுக் கொழம்புலேருந்து தப்பிச்ச மீன் இதுதானா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தலை வலிக்கிறதாம். அடுத்த ஜோக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, மீனை நானே கழுவினேன்.