கழுவிய கொட்டம்

14 நவம்பர் 1998, சனி

இரண்டாவது ஆட்டுக்குட்டியும் காலையில் செத்துவிட்டது. அதே ரத்தக் கழிச்சல். அய்யலூர்ச் சந்தையில் தாயாட்டோடு வாங்கி வந்த இரட்டைக் குட்டிகள்.

கால்நடை டாக்டர் புழுக்கையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். புழு இல்லையாம், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரியாம். குட்டியின் குடல் சுவருக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வருமாம். தாயாட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் புழுக்கையிலும் முட்டை மாதிரி விழுந்து கிடக்கும். "தரை காஞ்சு கெடந்தா அது முத்தாது. ஈரம் இருந்தா ரெண்டு மூணு நாள்ல முத்தி, அடுத்த குட்டி வாய்க்குள்ள போயிரும். தெனமும் கழுவி விடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். தெருவிலேயே எங்கள் ஆட்டுக் கொட்டம்தான் சுத்தம் என்று எனக்கு எம்புட்டுப் பெருமை! பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா கூட்டிவிட்டு அடுப்புச் சாம்பலைத் தூவுவதோடு சரி. அந்தப் பக்கம் போனாலே மூக்கைச் சுளிப்பேன். அவள் குட்டிகள் துள்ளித் திரிகின்றன.

சாயங்காலம் குட்டியைப் புதைக்க அவள்தான் வந்தாள். வெறுங்காலோடு எங்கள் கொட்டத்துக்குள் போய்த் தூக்கினாள். "அழுகாதக்கா. உன்ன மாதிரி யாரு ஆட்டப் பாத்துக்குவா? உன்னப் பாத்துத்தான் நானும் நேத்துலருந்து தண்ணி ஊத்திக் கழுவுறேன்" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதே ஈரக் காலோடு அவள் தன் கொட்டத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விடிந்தும் விடியாமலும் வாளியைத் தூக்கிவிடுவாள். அதற்கு முன்னால் நான் எழுந்துவிட வேண்டும்.