பசிக்கல என்று நீ சொன்ன நாள்

மச்சான்,

காலையிலிருந்து நம் தெருவை நெய்ச்சோற்று மணம் அடியோடு தூக்கிக்கொண்டு போகிறது. இந்த வாரத்தோடு பூலோகத்தில் ஆட்டு இனமே அற்றுப்போயிருக்கும். எல்லாம் கரிக் கண்டிராக்டர் வீட்டு அண்டாவில் வேகிறது. புகை மூட்டத்தில் துறைமுகத்துக்கு வரவேண்டிய கப்பல்கள் வழி தெரியாமல் ரங்கூனுக்கே திரும்பியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கண்டிராக்டரின் மகன் கார்ப்பரேஷன் எலெக்‌ஷனுக்கு நிற்கிறான். வோட்டு உள்ளவனுக்கெல்லாம் இன்று பந்தி. வீட்டு வரி கட்டுகிற பாவத்துக்கு எனக்கும் ஒரு வோட்டு, ஆகையால் எனக்கும் ஓர் இலை.

மணத்தைப் பொறுத்துக்கொண்டேன். என் தையல் கடை வாசலில் போன இரண்டு படகுக்காரர்களின் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இன்னா மாமு, இந்தப் பையனுக்கா வோட்டு?"

"பின்ன? துன்னுட்டு மாத்திப் போட முடியுமா? நம்ம தண்டலு இன்னா சொன்னாரு? கை நனைச்ச வூட்டுக்கு எதிரா கை தூக்கக் கூடாதுன்னாரே!"

நீ செத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கல்லறையில் படுத்துக்கொண்டே கண்டிராக்டர் மகனுக்கு வோட்டு சேர்க்கிறாய், பாவி!

நீ தண்டல். கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி வரும் படகுகளுக்கெல்லாம் தலைவன். நீ கை காட்டினால் படகு நகரும், நீ கொட்டாவி விட்டால் நிற்கும். உன் பசிக்கு முன்னால் வங்காள விரிகுடா ஒரு குவளை மோர். நீ ஒரு பொய் சொன்னால் அன்றைக்குக் கடல் வற்றிவிடும் என்று ஊரெல்லாம் அளந்துவிட்டவன் நான்தான்.

நீ உயிரோடு இருந்தபோது ஒரு வருஷம் கரி சுமக்கும் பெண்கள் கூடையைக் கீழே வைத்தார்கள். புளியந்தோப்பிலிருந்து விடிவதற்கு முன் நடந்தே வருகிறவர்கள். அவர்கள் கேட்டது கோட்டையை அல்ல. மத்தியானம் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடிக்க நேரம் கேட்டார்கள். அதுவரை தலையில் கூடையோடு நின்றபடிதான் குடித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் காத்திருக்காது என்றார் கண்டிராக்டர். உன் படகுகள் கரியைக் கொண்டுவராமல் நின்றால் கப்பலும் காத்திருக்கும், கண்டிராக்டரும் காத்திருப்பார். இது எல்லோருக்கும் தெரியும்.

அவர்களுக்காகப் பேச முனியம்மா உன்னிடம் வந்தாள்.

"நைனா, எங்களுக்காக நீ சண்டை போட வேணாம். படகை எடுக்காம சும்மா குந்திகினு இரு. அது போதும்."

"அந்த ஆளு வூட்டுக் கல்யாணத்துல கை நனைச்சுட்டேன்மா," என்றாய் நீ. "அவரே கரண்டி புடிச்சு எனக்குப் போட்டாரு. இப்போ எதுத்து நின்னா நான் மனுசனா?"

அன்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. லண்டன் மந்திரிகள் என்னைக் கடத்திக்கொண்டு போய்ச் சிம்மாசனத்தில் உட்கார வைத்திருக்க வேண்டிய யோசனை! உன் சட்டத்தைக் கொண்டே உன்னைக் கட்டிப்போடுவது. முனியம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அவள் தேய்த்துக் கழுவிய சட்டியில் கஞ்சியும், மேலே சுட்ட கருவாடுமாகக் கரைக்கு வந்தாள். பின்னால் அத்தனை பெண்களும் நின்றார்கள்.

"எங்க கஞ்சியிலயும் கை நனை நைனா. அப்பால நாயம் சொல்லு."

நீ சட்டியைப் பார்த்தாய். அவளைப் பார்த்தாய். உன் வலது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"பசிக்கலம்மா," என்றாய்.

கடல் வற்றவில்லை. முனியம்மாதான் சிரித்தாள்.

"செரி நைனா. எங்களுக்குத்தான் பசிக்குது."

சட்டியை நான் வாங்கிக் கடைசிப் பருக்கை வரை குடித்தேன். என்ன பயன்? நான் ஸ்டிரைக் செய்தால் ராயபுரத்தில் நாலு ரவிக்கை தாமதமாகும். நீ படகை எடுத்தாய். கரி கரைக்கு வந்தது. சுமக்க வேறு ஆட்கள் வந்தார்கள். கூடையைக் கீழே வைத்தவர்களைக் கரிக்கிடங்கு வாசலிலேயே விரட்டினார்கள். முனியம்மா எண்ணூர் உப்பளத்துக்குப் போனாள்.

ஊர் உன்னை நன்றி மறக்காதவன் என்றது. எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. கரண்டி பிடித்தவன் முகம் உனக்கு மறக்கவில்லை. அந்தச் சோற்றுக்குக் காசான கரியைத் தலையில் சுமந்தவள் முகம் எப்படியடா மறந்தது? ஞாயிறுதோறும் கோயிலில் என் பக்கத்தில் முழங்கால் போட்டு நற்கருணை வாங்கினாயே, எல்லோருக்கும் ஒரே அப்பம் என்று சாமியார் சொன்னபோது தலையை ஆட்டினாயே. அந்தப் 'பசிக்கல'யை அவரிடம் பாவசங்கீர்த்தனத்திலாவது சொன்னாயா? நீ அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம்! திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன். நல்லவனாக இருந்துகொண்டே இதைச் செய்தாயே.

மத்தியானம் கண்டிராக்டர் மகனே கும்பிட்டுக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மாமா, நீங்க வராம பந்தியே ஆரம்பிக்காது."

"பசிக்கல தம்பி," என்றேன். என் குடல் பாண்டு வாத்தியம் போல முழங்கியது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

குடையை எடுத்துக்கொண்டு, முனியம்மா இப்போது குடியிருக்கும் திருவொற்றியூருக்கு நடந்தேன். அவள் கால்களை உப்பளத்து உப்பு அரித்துவிட்டது. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, ஊரே அங்க துன்னுகினு கீது, நீ இங்க வந்து நிக்கிற?"

கஞ்சி ஊற்றினாள். கருவாடு சுட்டு வைத்தாள். நான் பாதி குடித்திருக்கும்போது கேட்டாள்:

"அந்த நைனா அன்னிக்கு ஒரு வாய் குடிச்சிருந்தா, படகை எடுத்திருப்பாரா?"

அண்டப் புளுகனான எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொய்கூட வரவில்லை.

"எடுத்திருக்க மாட்டான்," என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, மச்சான். கழுத்தில் கத்தி வைத்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாய். உன் சொல் அவ்வளவு கெட்டி. அவர்களுக்கும் உனக்கும் நடுவில் ஒரே ஒரு வாய் கஞ்சிதான் இருந்தது, அதற்கு நீ கையை நீட்டவில்லை.

விரலில் கருவாட்டு வாசனையோடு இதை எழுதுகிறேன். கண்டிராக்டர் வீட்டு நெய்யால் இதை அழிக்க முடியவில்லை. உன் சட்டம் இப்போது என்னிடம் இருக்கிறது: நான் கை நனைத்தது முனியம்மா வீட்டில். எலெக்‌ஷனன்று வோட்டுப் போட இந்தக் கையைத்தான் கொண்டுபோவேன்.