திவசமும் இறுதிப் போட்டியும் ஒரே நாளில்

குளிரைத் திட்டித் திட்டியே எங்களை வளர்த்தெடுத்த என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகன் குகன் ரொறன்ரோ நகரப் பள்ளிகளின் மல்யுத்தப் போட்டியில் தன் எடைப்பிரிவில் முதலாவதாக வந்துவிட்டான்! நீங்கள் இருந்திருந்தால் டோர்செட் பார்க்கில் ஒரு வீடு மிச்சமில்லாமல் போன் அடித்துச் சொல்லியிருப்பீர்கள். அந்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.

பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அந்த ஃபுட்போலில் அவனுடைய ஆட்டத்தை நீங்கள் ஒரேயொரு தடவைதான் பார்த்தீர்கள். ஹெல்மெட் போட்ட பெடியங்கள் எல்லோரும் அவன்மேல் விழுந்ததும், "என்ர பிள்ளையை நசிக்கிறாங்கள்!" என்று மைதானத்துக்குள் இறங்கினீர்களே, நினைவிருக்கிறதா? கோச் வந்து உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அதே பிள்ளை போன இலையுதிர் காலத்தில் அணித் தலைவன், அப்பா. அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக ஒருவராலும் முடியவில்லை. அணியின் சிறந்த வீரனுக்கான கேடயமும் அவனுக்குத்தான். எங்கள் கட்டடத்து லிஃப்டில் இப்போது எனக்குப் பெயரே இல்லை. குகன்ட அக்கா, அவ்வளவுதான்.

சிக்கல் மல்யுத்தத்தில் வந்தது. இறுதிப் போட்டி எந்த நாள் தெரியுமா? உங்கள் திவசம். திதி அன்றைக்குத்தான் என்று ஐயர் உறுதியாகச் சொல்லிவிட்டார். போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? கிரியை செய்ய வேண்டிய ஒரே மகனும் அவன்தான்.

அம்மா விடமாட்டார் என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் முரண்டு பிடித்தது அவன்.

"நான் போகேல்ல. அப்பான்ட நாளில ஆரோடையும் மல்லுக்கட்ட மாட்டன்."

"அப்ப இவ்வளவு நாளும் பட்டினி கிடந்து மெலிஞ்சது எதுக்கடா?" என்றார் அம்மா.

"இட்ஸ் ஓகே, அம்மா. நெக்ஸ்ட் இயர் பாப்பம்."

"அடுத்த வருசம் நீ பள்ளிக்கூடத்தில இல்லை. கொப்பர் ஒரு இடமும் ஓடிப்போக மாட்டார். விடிய வெள்ளண்ண அவருக்குச் செய்யிறதைச் செய்துபோட்டு வெளிக்கிடு."

அதோடு அம்மா நிற்கவில்லை. ஐயருக்குப் போன் அடித்து, திதி விடியமுன்பே தொடங்கிவிடுகிறது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். திவசத்தன்று விடியமுன்பே குசினியில் வடை பொரிகிற வாசம். எடையில் இன்னும் கொஞ்சம் குறைய வேண்டியிருந்ததால், உங்கள் மகன் இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான் அப்பா, பாவம்! பிறகு குளித்துவிட்டு வந்து, ஐயர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான்.

கிரியை முடிந்ததும் படைத்த சோற்றில் மகன் கைநனைக்க வேண்டும் அல்லவா? சாப்பிட்டால் எடை கூடும், எடை கூடினால் போட்டியே இல்லை. "படைச்சதைச் சாப்பிடாமல் போறதோ?" என்று திகைத்துப்போய் நின்றான். அம்மா சோறு, கறி, வடை, பாயாசம் எல்லாவற்றையும் பாத்திரங்களில் அடைத்தார். பனிக்குள் பஸ் பிடித்து மூவரும் போனோம். அங்கே எடை பார்த்துத் தராசை விட்டு அவன் இறங்கிய கையோடு, ஜிம்மில் கிடந்த நீள மர வாங்கில் இருத்திப் பாயாசம் கொடுத்தார். "மிச்சம் வெண்டுபோட்டு வந்து சாப்பிடு."

இறுதிச் சுற்றில் முதலில் அவன்தான் கீழே கிடந்தான். அம்மா நகம் பதிய என் கையைப் பிடித்தார். பிறகு எப்படிப் புரட்டினானோ எனக்கு விளங்கவில்லை, மற்றவனின் இரண்டு தோளும் பாயில் பட்டுவிட்டன. நடுவர் உங்கள் மகனின் கையைத் தூக்கினார். அன்று கத்தியதில் என் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? தோற்ற பையனைத் தேடினார். "அந்தப் பிள்ளையும் வெறுவயித்தோடதான் நிண்டிருக்கும். கூட்டிவா." தோற்றவன், வென்றவன், கோச், பிறகு யார் யாரோ, எல்லோரும் உங்கள் திவசச் சோற்றைச் சாப்பிட்டார்கள். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கோச் கேட்டார். "இட்ஸ் ஃபோர் மை டாட்" என்றான் குகன், வாய் நிறையச் சோற்றுடன்.

யாரோ ஒரு பையனின் தகப்பன் எடுத்த வீடியோ கசற்றை அம்மா தினமும் போட்டுப் பார்க்கிறார். தான் வருகிற இடத்தில் மட்டும், "சீலை கசங்கிப்போச்சு" என்று குறைப்படுகிறார்.

போன வருடத் திவசத்தில் அம்மா பொழுதுபடும்வரை அழுதார். இந்த முறை வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன், அன்று அவர் ஒரு தடவைகூட அழவில்லை. உங்களை மறந்துவிட்டோம் என்று நினைக்க மாட்டீர்கள்தானே, அப்பா?

அடுத்த வருடம் அவன் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த அணியில் இருப்பானோ தெரியாது. எங்கே இருந்தாலும் உங்கள் நாளன்று பாத்திரங்களோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போவேன். உங்கள் பெயரால் ஒரு கூட்டமே வயிறாரச் சாப்பிடும். அம்மா சிரித்துக்கொண்டே பரிமாறுவார். இது சத்தியம்.

உங்கள் மூத்தவள்,
சாம்பியனின் அக்கா