பொன் அன்னாசியும் பதினோரு நிமிடமும்

தம்போய்,
3 ஆகஸ்டு 2025

அன்புத் தம்பி லெஸ்லிக்கு,

கஸ்தூரி அக்கா எழுதுவது. நீயும் ஷர்மைனும் நலமா? வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பதில்தான் விழுவதில்லை. அதனால் தபால்தலை ஒட்டிவிட்டேன்.

நம் தெப்ராவ் அனைத்துலகக் குறும்பட விழாவுக்கு, கொரோனாவில் நின்றுபோன இரண்டு வருடம் போக, இது பத்தாவது முறை. விழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பூப்பந்து மண்டபத்தில் மூன்று நாட்டுப் படங்களோடு தொடங்கியது, பெக்கான் நானாஸ் ஊர்த் தச்சர் செதுக்கிய மர அன்னாசிக்குத் தங்கச் சாயம் பூசி முதல் விருதாகக் கொடுத்தது, எல்லாம் எழுதியாயிற்று. மூன்றாம் விழாவில்தான் முள் குத்துகிறது.

2016இல் பொன் அன்னாசி உனக்கு, இரண்டாமிடம் எனக்கு. பரிசளிப்பு இரவுக்கு நான் வரவில்லை, அதனால் வெளிநாட்டு நடுவர்கள் எழுதிய குறிப்பு இப்போதுதான் கையில் கிடைத்தது: "மகள் வீடு திரும்பினாளா என்று சொல்லாமலே முடித்த துணிச்சலுக்காக." லெஸ்லி, உன் படத்தில் மகள் திரும்பி வருகிறாளே! குளுவாங் ஸ்டேஷனில் அப்பா குடையோடு நிற்பாரே! தண்ணீர்க் குழாயைப் பிடித்து அந்த மழையைப் பெய்ய வைத்தவளே நான்தான்.

படத்தைப் பார்க்காமலா விருது கொடுத்தார்கள்? யாரைப் பிடித்தாய்? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அன்பும் சந்தேகமும் சரிபாதியாக,
கஸ்தூரி அக்கா


குளுவாங்,
14 ஆகஸ்டு 2025

கஸ்தூரி அக்காவுக்கு,

"யாரைப் பிடித்தாய்" என்ற வரியை என் மனைவி ஷர்மைனிடம் காட்டினேன். "அலமாக்! அக்காவா இப்படி எழுதுனாங்க?" என்றாள்.

யாரையும் பிடிக்கவில்லை. படம் இரண்டு கோப்பாக இருந்தது. கடைசிப் பதினோரு நிமிடம் இரண்டாவது கோப்பில். நடுவர்களுக்குப் போன பென்டிரைவில் முதல் கோப்பு மட்டும்தான் இருந்திருக்கிறது. மேடையில் குறிப்பை வாசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அத்தனை கைதட்டலில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அது என் தப்பு. வீட்டுக்கு வந்ததும், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அந்தப் பதினோரு நிமிடத்தையும் அழித்துவிட்டேன். குடையோடு நின்றது என் சொந்த அப்பா. அவர் போய் நான்கு வருடம். நடமாடும் அப்பாவைப் பார்க்க வேறு எதுவும் என்னிடம் இல்லை.

நானும் ஒன்று கேட்கிறேன். ஊர்ப் படங்களை ஒரே பென்டிரைவில் ஏற்றி, ஒரே ஆள் விழாவுக்குக் கொண்டுபோவது நம் வழக்கம். அந்த வருடம் கொண்டுபோனது நீங்கள். உங்கள் படம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. என்னுடையது மட்டும் எப்படிப் பாதியானது? ஒன்பது வருடமாக இதை விழுங்கிக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வாய் திறக்காததும் அதனால்தான்.

லெஸ்லி


தம்போய்,
2 செப்டம்பர் 2025

தம்பி லெஸ்லிக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் எனக்கே சொல்லிவந்தேன். உன் இரண்டாவது கோப்பு ஏறிக்கொண்டிருந்தபோது பென்டிரைவைப் பிடுங்கினேன். நிலையத்துக்குப் போனால் பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. லேப்டாப் மடியில்தான் இருந்தது. நான் ஏற்றவில்லை. உன் அப்பா அந்தக் குடையோடு நின்றால் என் படம் ஜெயிக்காது என்று எனக்குத் தெரியும்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடு நினைத்தேன், உனக்கு அன்னாசி விழுந்தது. குறிப்பைப் படித்த உடனேயே நடந்தது புரிந்துவிட்டது. புரிந்தும் உன்மேல் பழி போட்டுப் பார்த்தேன். உன்னைத் திருடனாக்கினால் என் திருட்டு சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, தம்பி.

மலரில் மூன்றாம் விழாவின் பக்கத்தை என் பெயர் போட்டு, நடந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சுக்குப் போய்விட்டது.

இந்த உறையில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. நீ அன்று கொடுத்த கோப்புகள் என் பழைய லேப்டாப்பிலேயே கிடந்தன. இத்தனை வருடம் அழிக்கவும் மனம் வரவில்லை, கொடுக்கவும் தைரியம் வரவில்லை. இந்த முறை கடைசிவரை ஏறி முடியும் மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போட்டுப் பார்த்தேன். அப்பா நிற்கிறார்.

பதில் எழுத வேண்டாம்.

கஸ்தூரி