நான் கிழித்த பேனர்

காவாந்தண்டலம்,
பங்குனி 5.

அன்பு மகள் இளமதிக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மா பரிமளாவும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே. கனடாவில் குளிர் விட்டதா, ஆஸ்பத்திரியில் உனக்கு இன்னும் இரவு டூட்டிதானா என்றெல்லாம் கேட்க ஆசை, ஆனால் பத்து மாதமாய் நீ அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். என் இருமல் சத்தம் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாய் என்று தெரிந்து, நீ கூப்பிடும் நேரத்துக்கு நான் களத்துமேட்டுப் பக்கம் போய்விடுகிறேன், அவளாவது நிம்மதியாகப் பேசட்டும் என்றுதான். அவளுக்கு முழங்கால் வலி அதிகம், உன்னிடம் மறைக்கிறாள். நவரை நெல் முற்றிவிட்டது, அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. போன வாரம் ஆல்வின் வந்தான். உன் தம்பி அரவிந்தனோடு ஐ.டி.ஐ. படித்தானே அந்தப் பையன், பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லார் எதிரிலும் நான் கன்னத்தில் அறைந்தவன். அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் அரவிந்தனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள், பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன், கீழே பெரிதாய் 21–1 என்று. இது இன்னாடா என்று கேட்டேன், குஸ்திக்காரன் ஜெயிச்ச கணக்கு தோத்த கணக்கு என்றான் எவனோ. ஏரிக்கரை வளைவில் பைக் சறுக்கிச் செத்த பிள்ளைக்கு என்னடா தோற்ற கணக்கு என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது, அரிவாளை எடுத்துக் கிழித்தேன், வைத்தவன் ஆல்வின்தான் என்று அவனையும் அறைந்தேன். அதை யாரோ வீடியோ எடுத்து உனக்கு அனுப்பியதும் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது, ஆல்வின் சொல்லித்தான் தெரியும். நைனா, அது நான் வெச்சது இல்ல, லீவு கெடைக்காம இளமதி அக்காதான் அழுதுகினே போன்ல சொல்லிச்சி, இன்னா எழுதணும், எந்தப் படம் போடணும்னு அதுதான் சொல்லிச்சி, நீங்க அடிச்சப்போகூட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் என்றான். சாவுக்கு வர முடியாதவள் தம்பிக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதையும் நான் கிழித்துப்போட்டேன்.

அவன் கையில் அரவிந்தனின் நோட்டு ஒன்று இருந்தது, கொடுத்துவிட்டுப் போனான். வருஷா வருஷம் வெளிநாட்டில் நடத்தி டி.வி.யில் காட்டுகிற அந்தப் பெரிய குஸ்தி விழாக் கணக்கெல்லாம் முத்து முத்தாய் எழுதியிருக்கிறான், பரீட்சைப் பேப்பரில் என்றைக்காவது அப்படி எழுதினானா பாவி! ஒரு சண்டை ஆறே விநாடியில் முடிந்ததாம், நான் மூக்குப்பொடி எடுக்கவே அதற்கு மேல் ஆகும். இன்னொன்றில் ஒரு மணி நேரம் மோதியும் ஒருவனை ஒருவன் வீழ்த்த முடியாமல் மேலும் நேரம் கொடுத்தார்களாம். கொரோனா வருஷம் ஆளே இல்லாமல் வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் நடத்தினார்களாம். அந்தக் கறுப்புத் தொப்பிக்காரன் அண்டர்டேக்கர் அந்த விழாவில் இருபத்தொரு முறை இறங்கி இருபத்தொரு முறையும் ஜெயித்து, இருபத்திரண்டாவதில் தோற்றபோது ஜனம் வாயடைத்துப் போனது என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். அரவிந்தன் இருபத்தொரு பிறந்தநாள் பார்த்தவன். நீ எழுதச் சொன்னது அப்போதுதான் புரிந்தது. இருபத்தொரு வருஷமும் அவன் ஜெயித்தான் என்று நீ ஊருக்குச் சொல்லியிருக்கிறாய், எனக்கு அந்த ஒன்றுதான் கண்ணில் பட்டது.

எல்லாம் பொய்ச்சண்டைடா, முன்னாடியே பேசி வெச்சிக்கினு ஆடுறானுங்க என்று நான் அரவிந்தனைத் திட்டுவேன். முடிவுதான் பேசி வெச்சது நைனா, கீழ வுழுறது நெசந்தான் என்பான்.

என் மேல்தான் தப்பு. ஆல்வினிடம் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன், உன்னிடமும் கேட்கிறேன். பெற்றவன் மகளிடம் கேட்பதா என்று உன் அம்மாகூடச் சொன்னாள், கேட்டால்தான் இனி எனக்குச் சோறு இறங்கும்.

சித்திரையில் அந்த விழா வருகிறதாம், இரண்டு நாள், நமக்கு விடிகாலை, உனக்கு முந்தைய நாள் சாயங்காலம் என்று ஆல்வின் கணக்குச் சொன்னான். போன வருஷம் வரைக்கும் அரவிந்தன் இங்கேயும் நீ அங்கேயும் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு ஒன்றாய்க் கூச்சல் போடுவீர்கள், தூக்கம் கெடுகிறது என்று நான் கத்துவேன். இந்த வருஷம் நீ பார்ப்பாயோ மாட்டாயோ தெரியவில்லை. பார்த்தால் அவன் நம்பருக்கே கூப்பிடு, அந்தப் போனை நான்தான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். என்னோடு பேச வேண்டாம் அம்மா. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ பாட்டுக்குக் கூச்சல் போடு, நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் பார்த்து நட. வேதகிரீஸ்வரர் உன்னை நூறு வயசு வைத்திருக்கட்டும். வைகாசியில் திதி, மறக்காதே.

உன் நைனா,
பஞ்சாட்சரம்