பறுவத்தன்று உன் மகளுக்குச் சோறு

என் செல்ல அக்கா,

நீ இல்லாத முதல் சித்திராப் பறுவம் இன்று, சித்திரை முழுநிலவு நாள். தாயை இழந்தவர்கள் பிடிக்கும் விரதம். உன் மகள் ஆரணி நேற்று மாலையிலிருந்து ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. நான் இந்த லண்டன் தோர்ண்டன் ஹீத் வீட்டில் குசினி அடுப்புக்கும் மாடிப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கோயிலில் ஒரு அன்ரி அவளிடம் சொல்லியிருக்கிறார்: "தாயில்லாப் பிள்ளை பறுவம் பிடிக்காட்டி, தாயின்ரை ஆத்துமா பசியோடை அலையும்." அந்த வாயை என்ன செய்வது? சொன்ன கையோடு அவர் போய் மோதகம் சாப்பிட்டிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் நாம் பாடமாக்கியது நினைவிருக்கிறதா? சாப்பாட்டில் வரும் குளுக்கோசும் மூச்சில் வரும் ஒட்சிசனும் சேர்ந்துதான் கலத்துக்குச் சக்தி. அந்த வேலையின் பெரும்பகுதி நடப்பது கலத்துக்குள் இருக்கும் இழைமணியில், டொக்டர் மைற்றோகொண்ட்ரியா என்கிறாரே, அதற்குள். காற்றுச் சுவாசம் என்று சோதனைக்காகக் கத்திக் கத்திப் படித்தோம். இழைமணி பழுதானால் ஒரு மனுசி நாலு படி ஏறவே களைத்துப்போவாள் என்று யார் சொல்லித் தந்தார்கள்? உன்னைப் பஞ்சி பிடித்தவள், சோம்பேறி என்றுதானே எல்லோரும் சொன்னோம்.

இழைமணி தாய்வழியாகத்தான் வருமாம். உன் பழுது ஆரணியிடமும் இருக்கிறது. அவளுடைய கலங்கள் சக்திக்குத் திணறுகின்றன, பட்டினி கிடந்தால் ஆபத்து என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலையில் கதவைத் தட்டினேன்.

"சித்தி, ப்ளீஸ். அம்மாக்காக ஒரு நாள்தானே."

"ஏலாது பிள்ளை. டொக்டர் சொன்னது மறந்துபோச்சோ?"

"அப்ப அம்மா பசியோடை இருக்கட்டோ?"

கதவடியிலிருந்து திரும்பிக் கீழே இறங்கிவிட்டேன். கோபம்தான் வந்தது. அவள் மீதல்ல, உன் மீது. பிள்ளைக்குக் கொடுக்க உனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லையா? நினைத்த உடனேயே அழுதுவிட்டேன். நீ என்ன, தெரிந்தா கொடுத்தாய்?

சோறும் பருப்பும் போட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போகப்போகிறேன். கத்தட்டும், என்னை வெறுக்கட்டும். அவள் சாப்பிடாமல் நான் கீழே இறங்க மாட்டேன், இது சத்தியம். உனக்குப் பசித்தால் என்னோடு சண்டை பிடி, அக்கா. என் கனவில் வந்து வாய்க்கு வந்தபடி திட்டு. பிள்ளையிடம் மட்டும் விரதம் கேட்காதே.

உன் தங்கை,
ஆரணியின் சித்தி