ஆறாவது பாடம்

என் மகள், என் ஆத்தா செல்விக்கு,

நீ இருக்கும் இடத்துக்கு இங்குள்ள சேதியெல்லாம் வருமா, வராதா என்று எனக்குத் தெரியவில்லை. வராது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் மகள் கயல் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். அறிவியலில் வகுப்பிலேயே முதல். தெரிந்ததும் உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

பதினொன்றாம் வகுப்புக்கு என்னென்ன பாடம் எடுப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. அவளுக்குக் கணிதமும் கணினி அறிவியலும் வேண்டும், உயிரியல் வேண்டாம். மாப்பிள்ளைக்கு உயிரியல் வேண்டும், மற்றது எதுவானாலும் சரி.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, உன் படத்துக்கு முன் எரிந்த சூடத்தை மாப்பிள்ளை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "ஒன் ஆசப்படி கயல டாக்டராக்காம விடமாட்டேன்" என்று சத்தியம் செய்தார். கொப்புளம் ஆறுவதற்குப் பல நாளானது. அன்றிலிருந்து மானகிரியில் இருக்கும் உன் சின்னத்தை முதல் எல்லாருக்கும் கயல் 'டாக்டரம்மா'தான். பால் வாங்கப் போனால்கூட, "டாக்டரம்மா, முட்டி வலிக்கிதே, ஊசி போட்டு விடுறியா?" என்கிறார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

உன் ஆசை என்று எதைச் சொல்கிறார்கள், ஆத்தா? மதுரையில் டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு சாயங்காலம், கயல் உன் கையில் இருந்த துணிக்கட்டைப் பிரித்து மாற்றினாள். "பாருங்கப்பா, நம்ம வீட்டுலயே டாக்டர் வந்துட்டா, இனி மதுரைக்கு எதுக்கு பஸ் ஏறணும்?" என்று சிரித்தாயே, அதையா? இல்லை, அவரிடம் தனியாக வேறு ஏதும் சொன்னாயா? மனைவியை இழந்து நிற்பவரிடம் அதை எப்படிக் கேட்பது? எனக்குத் தைரியம் வரவில்லை.

என் பழக்கம் உனக்குத் தெரியும். நில அளவைத் துறையில் இருந்தவன். எந்த வரப்பையும் இரண்டு தடவை அளக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் விசாரித்தேன். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஐந்து பாடம் போதும், விருப்பமிருந்தால் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவள் கேட்கும் ஐந்தும் இருக்கட்டும், மாப்பிள்ளைக்காக உயிரியல் ஆறாவதாக இருக்கட்டும். பஸ்ஸில் கோட்டையூர் வந்து சேரும்வரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை ஏதும் தென்படவில்லை.

மாப்பிள்ளை உடனே ஒப்புக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா? நீங்க சொன்னா அவ கேப்பா. நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன். கயல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு பாடம் எனக்கு, ஒண்ணு அப்பாவுக்கா? பரீட்சைய அப்பா எழுதுவாகளா?"

"படிச்சுவையி ஆத்தா. பெறகு வேண்டாம்னா விட்டுரலாம்."

"நீங்களும் அங்குட்டுச் சேந்துட்டீகளா தாத்தா?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுத்துவந்து, சிறுநீரகப் படம் இருந்த பக்கத்தை என் மடியில் விரித்தாள்.

"இத வரைஞ்சுதான் மார்க் வாங்குனேன். ஒவ்வொரு தடவ வரையிறப்பவும் அம்மா கை வீங்கிக் கெடந்ததுதான் தெரியும். எந்தக் குழாய் எதுக்குன்னு மிஸ் சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும் தாத்தா. இன்னும் ரெண்டு வருசத்துக்கு என்னால முடியாது. அப்பாகிட்டச் சொல்லாதீக, அழுதுருவாக."

அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். மூடிவைக்கக் கை வரவில்லை.

மாப்பிள்ளையின் பெயிண்ட் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் இருவர் போகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாமவர் வந்துவிட்டால் திரும்பிப் போய்விடலாம் என்றும் நினைத்தேன். யாரும் வரவில்லை.

"மாப்பிள்ள, ஆறாவது வேண்டாம். அவ கேக்குற அஞ்சே போதும்."

"என்ன மாமா சொல்றீக? ஒங்க யோசனதான அது?"

"ஆமா. தப்பான யோசன."

"சூடத்துல அடிச்ச சத்தியம் மாமா. செல்விக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எம் மகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஆறாவது பாடத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அன்று முதல் என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதில்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவேளை உட்காருவார். ஆனால் சொல்ல வேண்டாம் என்று குழந்தை கேட்டிருக்கிறாளே.

நான் செய்தது சரிதானா, செல்வி? நீ மெய்யாகவே ஆசைப்பட்டிருந்தால்? இரண்டு தடவை அளக்க இதில் எனக்கு வழியில்லை.

உன் முதல் திதிக்கு அதே சொந்தங்கள் வருவார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான். உன் கல்யாணத்தில் மைக்கைக் கையில் கொடுத்தபோதுகூடக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அன்று உன் படத்துக்கு முன் நானே சூடம் ஏற்றுவேன். அந்தச் சத்தியம் இனிமேல் மாப்பிள்ளையைக் கட்டாது, கயலையும் கட்டாது, பாவம் ஏதும் இருந்தால் என்னைச் சேரட்டும் என்று எல்லாரும் கேட்கச் சொல்வேன். அவளைக் கயல் என்று மட்டும் கூப்பிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்வேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

உன் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன்னைத் தேடும்
உன் அப்பா